ஒரு நாள் முழுக்க நான் துபாயில் இருந்தேன்

காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. நேரம் எனக்கு நிச்சயமாகத் தெரியும். வாடகைக் கார் பத்து நிமிடம் தாமதம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது விழுப்புரத்தில் எங்கள் தெருமுனை திரும்பி வந்து நின்றது. டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். இறங்கியவர் என் மனைவியின் வயிற்றைப் பார்த்தார், என் தாடியைப் பார்த்தார், பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"பாத்து ஏத்துங்க தாத்தா. பொண்ணுக்கு இது தலைச்சனா?"

"இவள் என் மனைவி" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே சொற்கள். அவற்றைச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முதலில் தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஒரு கல்லூரியில் நூலகராக இருக்கிறேன். மனைவிக்கு நாற்பத்திரண்டு. எங்கள் ஒரே மகள் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்தாள். இப்படிப்பட்ட வீட்டில் இன்னொரு குழந்தை வரப்போகிறது என்று டாக்டர் சொன்னபோது, "யாருக்கு?" என்றுதான் நான் முதலில் கேட்டேன்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் என் மனைவியின் அக்கா அன்று மாலையே வந்து சட்டம் போட்டுவிட்டுப் போனார். குழந்தை பிறக்கும்வரை நான் முடி வெட்டக் கூடாது, முகம் மழிக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடலில் இறங்கக் கூடாது. ஞாயிறு பூசை தவறாதவர் அவர்.

"இதெல்லாம் நம்ம வேதத்துல இருக்குதா?" என்று கேட்டேன்.

"வேதம் வேற, புள்ளத்தாச்சி வீடு வேற தம்பி. சொன்னத செய்யுங்க" என்றார்.

நான் படித்தவன். இருந்தும் மழிக்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எங்களுக்கு ஒன்று வந்து, மூன்றாம் மாதத்தில் நிற்காமல் போயிற்று. அன்று காலையில் நான் சவரம் செய்திருந்தேன். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தாலும் கை பிளேடு பக்கம் போகவில்லை.

வளர்ந்த பிறகுதான் அந்தத் தாடி எவ்வளவு வெள்ளை என்று தெரிந்தது. தலைக்கு மை பூசுவதும் நின்றுபோனதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக இருந்தன. பங்குச் சாமியார் "வேளாங்கண்ணிக்கு நேர்ச்சையா?" என்று கேட்டார். கல்லூரி முதல்வர் தனியாக அழைத்து, வீட்டில் ஏதாவது துக்கமா என்று விசாரித்தார். என் மனைவிக்கோ நேர்மாறு. சாதாரணமாகவே அவளைப் பார்ப்பவர்கள் முப்பத்தைந்து என்பார்கள். கர்ப்பம் அதிலும் ஐந்தாறு வருடத்தைக் குறைத்துவிட்டது. நாங்கள் இருவரும் சேர்ந்து தெருவில் நடந்தால் ஒரு தலைமுறை இடைவெளி தெரிந்தது.

அடுத்தது மகள். அவளுக்கு நாங்கள் ஐந்தாம் மாதத்தில்தான் சொன்னோம். சொன்னோம் என்பதுகூடச் சரியில்லை. எதிர்வீட்டு அம்மா அவளிடம், "உங்கம்மாவுக்கு வாந்தி நின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டார். அதனால் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவள் என்னோடு வாய் திறந்து பேசவில்லை. நாலு மாதம். அம்மாவிடம் மட்டும் கேட்ட கேள்விக்குப் பதில். என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, 'ரசத்தில் உப்பு இல்லை' என்று அனுப்புவாள். என் பையில் போன் அதிரும். நான் எழுந்து போய் உப்பு எடுத்து வருவேன். 'அமைதி காக்கவும்' என்ற பலகையின் கீழ் இருபது வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அமைதி இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

மே மாதம் பிறந்தவுடன் என் சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் ஒரு படிவம் இருந்தது. ஈரோடு பக்கம் ஏதோ ஒரு பள்ளி. பதினொன்றாம் வகுப்புக்கு விடுதியோடு சேர்க்கை. எல்லாக் கட்டத்தையும் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தாள். 'பெற்றோர் கையொப்பம்' என்ற கட்டம் மட்டும் காலி. திங்கட்கிழமை கடைசி நாள்.

அந்தக் கையொப்பத்தை நான் போட்டால் என் மகள் போய்விடுவாள். போடாவிட்டால் அவள் வீட்டிலேயே இருப்பாள், பேசவே மாட்டாள். இரண்டில் எது மோசம் என்று ஒரு வாரம் யோசித்தேன்.

என் மனைவிதான் வழி சொன்னாள். "மூணு பேரா ஒரு நாளு எங்கனா போயிட்டு வந்துடலாங்க. அப்பறம் நாலு பேராயிடுவோம். அவகிட்ட நானே கேக்கறேன்." கேட்டாள். பதில் குழுவில் வந்தது: 'வர்றேன். திரும்பி வந்ததும் கையெழுத்து.'

எங்கே போவது? ஏற்காடு என்றால் மலை. புதுச்சேரி என்றால் கடல். இரண்டும் எனக்குத் தடை. மலையும் கடலும் இல்லாத ஓர் இடமாகத் தேடி, திண்டிவனத்தைத் தாண்டிப் பிரம்மதேசத்தில் இருக்கும் சோழர் காலத்துக் கோயிலைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது, கார்ப் பயணத்தால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். இருந்தாலும் வழியில் எந்த ஊரில் எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆறாம் மாதத்திலிருந்து வாசலில் தயாராக இருந்த ஆஸ்பத்திரிப் பையையும் தூக்கினேன். என் மனைவி பிடுங்கி உள்ளே வைத்தாள். "கோயில் பாக்கப் போறவங்க கையில இன்னாத்துக்குங்க இது? ஒரு நாளாவது சும்மா இருங்க." கர்ப்பகாலக் கோப்பு முழுவதும் அந்தப் பைக்குள் இருந்தது.

இப்போது ஒன்பது நாற்பதுக்குத் திரும்பி வருகிறேன். பொண்ணுக்கு இது தலைச்சனா என்று டிரைவர் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து என் மகளின் குரல் கேட்டது.

"ஆமாண்ணா. எங்க அக்கா." பிறகு என்னைப் பார்த்து, "அப்பா, தண்ணி பாட்டில எடுத்துக்கினியா?" என்றாள்.

அப்பா.

கணக்குப் பார்த்தால் அந்தப் பொய்யில் என் பதவி மாறவே இல்லை. நான் அவளுக்கு அப்பாவாகத்தான் இருந்தேன். அவளுடைய அம்மாதான் அக்கா ஆகிவிட்டாள். தெருவில் நடந்தாலே கூசிப்போகிற பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்க, யாருக்கும் தெரியாத ஊரில், கர்ப்பிணி அம்மா இல்லாமல் இருக்க ஒரு வாய்ப்புக் கிடைத்திருந்தது. எனக்கு ஒரு சொல் கிடைத்திருந்தது. நாலு மாதமாகக் கேட்காத அந்தச் சொல்லுக்காக என் மனைவிக்குத் தகப்பனாக இருக்க நான் சம்மதித்தேன்.

"எடுத்துக்கினேம்மா" என்றேன்.

என் மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினாள். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் வண்டி வரிசையில் நின்றபோது டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார், "மாப்ள வர்லியா?"

மகள்தான் சொன்னாள், "அவரு துபாய்ல இருக்காரு."

"இந்த நேரத்துலயா? பொஞ்சாதி நெறமாசமா இருக்கறப்ப வுட்டுட்டுப் போயி அங்க இன்னா ஒட்டகம் மேய்ச்சிக்கினு இருக்காரா?"

"லைப்ரரில வேல."

"துபாய்ல லைப்ரரியா?" டிரைவருக்கு அது இன்னும் பிடிக்கவில்லை. "பணம் இன்னிக்கு வரும், நாளைக்குப் போவும். இந்த நேரம் வருமா? தப்பா நெனைக்காதீங்க தாத்தா, நீங்க பாத்துக் கட்டி வச்ச மாப்ள சரியில்ல."

"நல்ல மனுஷன்தான்" என்றேன். "லீவு கெடைச்சிருக்காது."

"பாத்தீங்களாண்ணா?" என்றாள் என் மனைவி. "எங்கப்பா எப்பவும் அவருக்கேதான் பரிஞ்சிக்கினு வருவாரு." கல்யாணமான பதினெட்டு வருடத்தில் என்னை அப்பா என்று சொன்னது அன்றுதான். சொன்னவள் அதோடு நிறுத்தவில்லை. "அந்த மனுஷனுக்குத் தொட்டதுக்கெல்லாம் பயம்ணா. கேஸ ரெண்டு தடவ மூடுவாரு. பூட்ட மூணு தடவ இஸ்துப் பாப்பாரு. நான் தும்முனா டாக்டருக்குப் போன் போடுவாரு."

"துபாய்லேந்தா?"

"துபாய்லேந்துதான்."

"பேஜாரு புடிச்ச ஆளு" என்று டிரைவர் தீர்ப்புச் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தாடிக்கு ஒரு பயன் உண்டு. முகம் சிவந்தால் வெளியே தெரியாது.

டோல்கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனபிறகு மகள் பேசினாள். டிரைவரிடம் பேசுவது போலத்தான் இருந்தது.

"மாமா கெட்டவரு இல்லண்ணா. ஆனா என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டாரு. அக்காவுக்குக் கொயந்த பொறக்கப் போறது எதிர்வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியும். ஃபாதருக்குத் தெரியும். பால்காரருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. கடைசியா எனக்குச் சொல்றாங்க. நான் அந்த வீட்டுல வாடகைக்கா இருக்கறேன்?"

நாலு மாதமாக அவள் வயிறு பெருத்த அம்மாவை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கமும் இருந்திருக்கும். ஆனால் விஷயம் அதுவல்ல. அவளுடைய வீட்டுச் செய்தி அவளுக்குத் தெருவிலிருந்து வந்திருக்கிறது.

பதில் சொல்ல வேண்டியவன் துபாயில் இருந்தான். அதனால் அவனுக்காக நான் பேசினேன்.

"அவருக்குப் பயமா இருந்திருக்கும்மா. இதுக்கு மின்னாடி ஒண்ணு வந்து நிக்காமப் போச்சு. நீ அப்ப சின்னப் பொண்ணு. அன்னிக்கி மொதல்ல உன்கிட்டதான் சொன்னோம்... சொன்னாங்க. தம்பியோ தங்கச்சியோ வரப்போவுதுன்னு. அது போன பெறகு பெரியவங்களுக்கெல்லாம் ஒரு தடவ சொன்னாப் போதும், புரிஞ்சிக்கினாங்க. நீ மட்டும் ரெண்டு மாசம் கேட்டுக்கினே இருந்த. எப்ப வரும், எப்ப வரும்னு. தெனமும் கேப்ப. அவரால பதில் சொல்ல முடியல. அதான் இந்த தடவ, நின்னுடுச்சின்னு நிச்சயமா தெரியற வரைக்கும் உன்கிட்ட மட்டும் வேணாம்னு..."

குடும்ப முறையெல்லாம் குழம்பிப்போனது எனக்கே தெரிந்தது. அக்காவுக்குப் பிறக்கும் குழந்தை தங்கைக்கு எப்படித் தம்பி தங்கச்சி ஆகும்? நல்லவேளையாக டிரைவர் ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தார். என் மனைவி சிரிப்பதை நிறுத்திவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

லாரியை முந்தி முடித்த டிரைவர், "அப்ப மாப்ள மேல தப்பு இல்ல" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனாலும் துபாய் போயிருக்கக் கூடாது" என்றார்.

திண்டிவனத்தில் வண்டியை நிறுத்தி வேகவைத்த வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, வாங்கினோம். பிரம்மதேசத்துக் கோயிலைப் பற்றி நான் இரண்டு நாளாகப் படித்து வைத்திருந்தேன். கல்வெட்டுகளைப் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குக் குறிப்புகூட இருந்தது. யாரும் கேட்கவில்லை. வெயிலில் கல் தரை காலைச் சுட்டது. நிழலாக ஓர் ஓரம் பார்த்து உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். டிரைவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தோம். அவர் சாப்பிட்டு முடித்து, என் போனை வாங்கி எங்களைப் படம் எடுத்தார். "தாத்தா நடுவுல நில்லுங்க. ரெண்டு பொண்ணுங்களும் ரெண்டு பக்கம்." நாங்கள் மூன்று பேராக இருக்கும் கடைசிப் படம் அது. அதில் மகள் சிரிக்கவில்லை. ஆனால் என் பக்கம் ஓரடி நெருங்கி நிற்கிறாள். அளந்து பார்த்திருக்கிறேன்.

என் மனைவி முக்கால்வாசி மல்லாட்டையைத் தனியாகவே தின்றுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தூணில் சாய்ந்தாள்.

ஒன்பது மாதமாக அவள் கொட்டாவி விட்டால்கூடப் பதறியவன் நான். அன்றைக்கென்று எனக்கு எங்கிருந்தோ ஒரு தெளிவு வந்தது. "மல்லாட்டதான். வாயு. கொஞ்சம் நடந்தா சரியாப் போயிடும்" என்றேன். ஒரு நாளாவது சும்மா இருங்கள் என்று சொல்லியிருந்தாளே, அதனால் சும்மா இருந்து காட்டினேன். அவளைக் கோயிலை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தேன். பாதியில் நின்றாள். மறுபடி நடந்தாள். மறுபடி நின்றாள். டிரைவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பல்குச்சியைத் தூக்கி எறிந்துவிட்டு எழுந்தார்.

"தாத்தா, எனக்கு மூணு புள்ளைங்க. இது மல்லாட்ட இல்ல. வண்டில ஏத்துங்க, ஜல்தி."

திண்டிவனத்துக்குத் திரும்பிய அந்த இருபது சொச்ச நிமிடத்தைப் பற்றி எழுத என்னால் இப்போதும் முடியாது. ஆஸ்பத்திரிப் பெயர்கள் எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். வியர்வையில் எழுத்தெல்லாம் கரைந்து, நீலமாக இருந்தது. டிரைவர் தனக்குத் தெரிந்த ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினார். சக்கர நாற்காலி வந்தது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். சீட்டு எழுதும் இடத்தில் மகளும் டிரைவரும் நின்றார்கள். நான் நாற்காலியோடு போய்விட்டதால் எழுதும் வேலை அவளுக்கு. பக்கத்தில் நின்ற டிரைவர் எல்லாக் கேள்விக்கும் உரக்கப் பதில் சொல்லிவிட்டார்.

"தலைப்பிரசவங்க. மாப்ள துபாய்ல. இது தங்கச்சி. பெரியவரு அப்பா, பாவம் வயசானவரு, அவர ஒண்ணும் கேக்காதீங்க."

அவர் முன்னால் மாற்றி எழுத அவளுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அவர் சொன்னதையே எழுதிவிட்டாள். வயது என்ற இடத்தில் இருபத்தெட்டு.

என் மனைவியை உள்ளே கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போகப் பார்த்தேன். நர்ஸ் ஒருவர் கதவை மறித்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். "பெரியவரே, நீங்க ஒக்காருங்க. தலைச்சன் புள்ள, லேட்டாவும். சாயங்காலம் ஆயிடும்."

"நான் வீட்டுக்காரர்" என்றேன்.

"வீட்டுக்காரருன்னா? அவங்க வாடகைக்கு இருக்கற வீடா?"

"இல்ல, நான் அவங்க ஹஸ்பண்ட்."

நர்ஸ் என் மகளைப் பார்த்து, மெதுவாக, "தாத்தாவுக்கு அப்பப்ப இப்டி ஆவுமா?" என்று கேட்டார். டிரைவர் என் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். "பதட்டம்ங்க. காலைலேந்து மாப்ளயப் பத்தியே பேசிக்கினு இருந்தமா, அதான்."

ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. நர்ஸ் வேகமாக வெளியே வந்தார். கையில் அந்தச் சீட்டு.

"உள்ள அவங்க ரெண்டாவதுன்னு கத்தறாங்க. சீட்டுல மொதலுன்னு இருக்கு. வயசு நாப்பத்தி ரெண்டுங்கறாங்க. வலில ஒளர்றாங்களா, நீங்க ஒளர்றீங்களா? இது வெளையாட்டு இல்ல, அதப் பாத்துதான் நாங்க வேல பண்ணணும். ஃபைலும் கொண்டாரல. இருங்க, நான் அந்த துபாய்க்காரரையே கேக்கறேன்." சீட்டில் கணவர் கைபேசி எண் என்று எழுதியிருந்ததைப் பார்த்து அழுத்தினார். "நம்ம ஊரு நம்பர் மாதிரி இருக்கே..."

என் போனுக்கு நான் ரயில் எஞ்சின் ஊதும் சத்தம் வைத்திருந்தேன். பிரசவ நேரத்தில் எந்த அழைப்பையும் தவறவிடக் கூடாது என்று வைத்தது. அந்தச் சின்னக் கூடத்தில், என் சட்டைப்பைக்குள்ளிருந்து, ஜங்ஷனில் வண்டி நுழைவது போல அது ஊதியது. காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். டிரைவர் என் பையைப் பார்த்தார், நர்ஸின் போனைப் பார்த்தார், மறுபடி என் பையைப் பார்த்தார்.

என் மகள் எழுந்து நின்றாள். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்த கூடத்தில், தெருவில் யாராவது பார்த்தாலே தலைகுனிகிற பெண், குரல் உடைய உடையச் சத்தமாகச் சொன்னாள்.

"சிஸ்டர், அவங்க எங்க அம்மா. வயசு நாப்பத்தி ரெண்டு. நான்தான் மொதப் பொண்ணு. நடுவுல ஒண்ணு நிக்கல. இவரு எங்க அப்பா. தாத்தா இல்ல. அவரு துபாயெல்லாம் போனதே இல்ல. நான்தான் பொய் சொன்னேன். அம்மாவுக்கு ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

"ரெண்டாவதா!" என்று நர்ஸ் உள்ளே பார்த்துக் கத்தினார். "டாக்டர கூப்புடுங்க, இது சாயங்காலம் வரைக்கும் நிக்காது!" கதவுக்குள் நுழையப் போனவர் திரும்பி, என் மகளிடம், "எல்லாத்தயும் எழுதிக் குடு. கையெழுத்துப் போட்டு. இப்பவே" என்றார்.

தாளுக்கு எங்கே போவது? அவள் தன் பைக்குள் கையை விட்டாள். அதில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு திருப்பிப் போட்டு, விடுதிப் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த முறை விட்டுப்போகவில்லை. நர்ஸிடம் கொடுக்கும் முன் நான் வாங்கிப் படித்தேன்.

"பொருள்: உறவு மாற்றிக் கூறியமைக்கு மன்னிப்பு வேண்டுதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய அம்மா, உள்ளே இருப்பவர் என் அக்கா அல்ல, என் தாய். வயது 28 அல்ல, 42. இது முதல் பிரசவம் அல்ல, இரண்டாவது. இடையில் ஒன்று நிற்கவில்லை. இதை நான் இன்றுதான் அறிந்தேன். வெளியே தாடியுடன் இருப்பவர் என் தந்தை. அவர் துபாயில் இல்லை. அவர் எப்போதும் எங்களுடன்தான் இருக்கிறார். இனி இவ்வாறு நடக்காது என உறுதி கூறுகிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள."

கீழே கையெழுத்துப் போட்டு, "அப்பா, நீயும் போடு" என்றாள். இந்த அப்பா டிரைவருக்காகச் சொன்னது அல்ல. ஒரு வாரமாகப் போடாமல் வைத்திருந்த கையொப்பத்தை அந்தப் படிவத்தில், மறுபக்கத்தில், போட்டேன்.

நர்ஸ் அதை வாங்கி, மடித்து, கேஸ் ஷீட்டோடு சேர்த்து இரண்டு பின் அடித்தார்.

டிரைவர் என்னிடம் வந்து, "சார்" என்றார். காலையிலிருந்து தாத்தாவாக இருந்தவன் முதல்முறையாகச் சார் ஆனேன். "ஒட்டகம் மேய்க்கறதப் பத்தி ஒண்ணு சொல்லிட்டேன். மனசுல வச்சிக்காதீங்க."

நாலு மணி அடிப்பதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நன்றாக இருப்பதாக டாக்டர் சொன்னார். நான் இரண்டாம் தடவை கேட்டேன். மறுபடியும் சொன்னார். மூன்றாம் தடவை கேட்டபோது என் மகள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். நர்ஸ் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து, என்னிடம் கொடுக்காமல் நேராக அவளிடம் கொடுத்தார்.

"பொம்பளப் புள்ள. சீட்டுல தங்கைன்னு எழுதியிருந்தியே, இந்தா, இதான் தங்கை. இனிமே சரியா எழுது."

அவள் வாங்கிக்கொண்டாள். எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் பலகை மாதிரி வைத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்காமல் இருக்க முடியாமல் கேட்டேன்.

"அந்த ஃபாரம்... திங்கக்கிழம கடைசி நாளாச்சே. நர்ஸ கேட்டு வாங்கட்டுமா?"

"வேணாம். மறுபடியும் திட்டுவாங்க" என்றாள், குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு, "விடுப்பா. ஆனா இனிமே எது நடந்தாலும் எனக்குத்தான் மொதல்ல சொல்லணும். பால்காரருக்கு மின்னாடி."

சொல்வதாகச் சத்தியம் செய்தேன். எழுதித் தரவும் தயாராக இருந்தேன். தாள் இல்லை.

சேதி கேட்டு விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்து என் மனைவியின் அக்கா ஐந்தரை மணிக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் ஆஸ்பத்திரிப் பை, இன்னொரு கையில் பிளாஸ்க், கக்கத்தில் கோப்பு. "நீங்க யாரும்மா? உண்மையான மொறயச் சொல்லுங்க" என்று நர்ஸ் வாசலில் நிறுத்தியது அவருக்குப் பிடிக்கவில்லை. போதாததற்கு, வீட்டுக்குப் போகாமல் காத்திருந்த டிரைவர் நடந்ததையெல்லாம் கேட் அருகிலேயே அவரிடம் சொல்லியிருந்தார். உள்ளே வந்து தங்கையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையின் நெற்றியில் சிலுவை போட்டார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ள பொறந்து இன்னா நேரம் ஆவுது, இன்னும் இன்னாத்துக்குத் தாடி? போயி எடுத்துக்கினு வாங்க தம்பி. அது கண்ணத் தெறந்ததும் தாத்தாவையா பாக்கணும்?" என்றவர், குழந்தையை வாங்கிக்கொண்டு என் மகளைப் பார்த்தார். "நீயும் கூடப் போடி. இவரத் தனியா வுட்டா, வழில எவனாவது துபாயான்னு கேட்டா, அதுக்கும் தலையாட்டிட்டு வருவாரு."